கல்லும் கண்ணும்

பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு உருண்டைக் கல் இருக்கிறது. எடை 38 கிலோ. திருவிதாங்கூர்ப் படையில் சேர வந்தவன் அதை 101 தடவை தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். தூக்கினான், தூக்கவில்லை — கல்லுக்குத் தெரிந்தவை இந்த இரண்டுதான். தொண்ணூறில் கைவிட்டவன் போன மாதம் முப்பதில் கைவிட்டவனா என்பது கல்லின் பிரச்னை அல்ல. ருஷ்யாவில் தானியம் நிறுத்த எடைக்கல்லே பிடிவைத்த உடற்பயிற்சிக் குண்டாயிற்று. 16, 24, 32 கிலோ என்ற வரிசையில் பழைய ‘பூட்’ அளவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அளவு தன்னை மட்டுமே சொல்லும்.

தக்கலைப் பக்கம் ஒரு களரிக்குச் சில மாதங்கள் சாயங்காலங்களில் போனேன், பயில அல்ல, பார்க்க. பையன்கள் கர்லாக்கட்டை சுற்றுவார்கள். ஆசான் எண்ணுவதில்லை, பாராட்டுவதுமில்லை. ஒருநாள் ஒரு பையனின் கட்டையை வாங்கிவிட்டு, மூலையில் சாத்தியிருந்த கனத்த கட்டையை நீட்டினார்.

“எனக்கு ஆவாது ஆசானே.”

“ஒனக்குத் தெரியாதுலே. சுத்து.”

சுற்றினான். எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். “குதிகாலு இப்பம் எளும்பல்ல. கட்டை முதுகுக்குப் பொறத்த போவும்போ மூச்சப் புடிக்கல்ல” என்றார். அதே சாயங்காலங்களில் நானும் அங்கேதான் இருந்தேன். எனக்குத் தெரிந்தது கட்டை மட்டும்.

ஐரிஸ் மர்டாக் 1970ல் வந்த தன் நூலில் ஒரு மாமியாரை உதாரணமாக்குகிறார். மருமகளை நாகரிகமற்றவள் என்று நினைத்தவள், தன் பார்வையிலேயே பொறாமை கலந்திருக்கலாம் என்று சந்தேகித்து மறுபடி பார்க்கிறாள், வேறொருத்தி தெரிகிறாள். வெளியே எந்தச் செயலும் மாறவில்லை. ஆனாலும் அது ஒழுக்கச் செயல்தான் என்கிறார் மர்டாக். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசானின் சிரமம் இன்னொன்று: அவர் தன் பார்வையைத் திருத்தினால் மட்டும் போதாது, எதிரில் இருப்பவனும் தினமும் மாறிக்கொண்டிருக்கிறான். நேற்றைய சரியான பார்வையே இன்று பிழையாகிவிடக்கூடும்.

கவனிப்பதே நற்குணம் என்றும் சொல்லிவிட முடியாது. நாயின் வாயை அம்புகளால் அடைத்த ஏகலைவன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்பதைத் துரோணர் துல்லியமாகவே உணர்ந்தார். அதனால்தான் கட்டைவிரலைக் கேட்டார். வளர்ச்சியைக் காண்பது வேறு, அதைத் தாங்கிக்கொள்வது வேறு. கனத்த கட்டையை எடுத்துக் கொடுக்கிற கை இந்த இரண்டாவதைச் சேர்ந்தது.

இதை எழுதக் காரணம் களரி அல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு இளம் கவிஞரின் முதல் தொகுதியைப் பற்றிக் கடுமையாக எழுதினேன். எழுதியது பிசகில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அதன்பின் வந்த அவருடைய ஒவ்வொரு கவிதையையும் என் தீர்ப்புக்குச் சாட்சியாகவே வாசித்து வந்திருக்கிறேன். வேண்டாத சொற்கள் உதிர்ந்துபோனதையும், வரி தன் மூச்சில் நிற்கத் தொடங்கியதையும் ஒரு நண்பர் காட்டிய பிறகுதான் கண்டேன். சிறு வட்டங்களில் நமக்கு இது சுலபமாக நேர்கிறது. ஒருவரை ஒருமுறை நிறுத்துவிட்டால் மறுபடி தராசை எடுப்பதில்லை. நம் கறார்த்தன்மை என்று இதற்குப் பெயரும் வைத்துக்கொள்கிறோம்.

அவருடைய இரண்டாவது தொகுதி மேஜைமேல் இருக்கிறது. முதலில் என் பழைய கட்டுரையை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.