சடம் சான்று கூறுமோ?

உலகத்துப் பொருள்களுள் அறிவுடையது சித்து, அறிவில்லாதது சடம். இஃது எம் சமயத்துச் சிறுவரும் அறிந்ததொன்று. ஆயினும் இக்கால நிகழ்ச்சிகளை நோக்குமிடத்து, கற்றறிந்த பெரியோரும் நீதிபதிகளும் வணிகத் தலைவரும் இவ்வெளிய உண்மையை மறந்து, சடமாகிய ஒரு பொறி காட்டியதை மெய்யெனக் கொண்டு, அறிவுடைய மக்கள் கூறியதைப் பொய்யெனத் தள்ளி, அதனாற் பெரும்பழிக்கு ஆளாயினமை காண்கின்றோம். அங்ஙனம் பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, பொறியின் கூற்று எவ்வளவையின்பாற்படும், அதனை நம்பிச் செய்த தீவினை யாரைச் சாரும் என்னும் இரண்டினையும் ஈண்டு ஆராய்வாம்.

அந்நாட்டிலே தபாற்கந்தோர்கள் பெரும்பாலும் சிறு கடைகளின் ஒருபுறத்தே நடைபெறுவன. அவற்றை நடத்தும் உபதபாலதிபர் சம்பளத்துக்கு அமர்ந்த உத்தியோகத்தரல்லர். தம் கைப்பொருளை இட்டு, ஒப்பந்தஞ்செய்து நடத்துவோர். 1999 ஆம் ஆண்டு தொடங்கி ‘ஹொறைசன்’ என்னும் கணினிக் கணக்குமுறை ஒவ்வொரு கந்தோரிலும் வைக்கப்பட்டது. அதனை ஆக்கியது ஐ.சி.எல். என்னும் கம்பனி; அது பின்னர் புஜிற்சு என்னும் யப்பானியக் கம்பனியின் பெயரைப் பெற்றது.

பொறி வந்தபின் பல கந்தோர்களிலே பணம் குறைவதாகக் கணக்குக் காட்டிற்று. குறைவு எங்ஙனம் தோன்றும் என்பதற்கு ஓர் உதாரணங் கூறுவாம். 2015 ஆம் ஆண்டிலே, ஸ்கொத்லாந்திலுள்ள டல்மெலிங்ரன் என்னும் ஊர்க் கந்தோரில், 8,000 பவுண் ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குச் சென்றதைப் பதியப் புகுந்தபோது திரை அசையாது நின்றது. விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினர். அழுத்திய ஒவ்வொரு முறையும் 8,000 எனத் தனித்தனியே பதிந்து, முடிவில் 32,000 என்றாயிற்று. எக்காலத்தும் இல்லாத 24,000 பவுண் குறைந்துவிட்டதாகக் கணக்கு நின்றது. கையெழுத்துப் பேரேட்டிலும் பிழை நேரும். ஆயின் அங்கே அழித்தெழுதிய இடம் கண்ணுக்குத் தெரியும். இங்கே தெரிவது தொகை ஒன்றே.

இத்தகைய குறைவுகளைத் தம் கைப்பொருளால் நிரப்புமாறு கம்பனியார் உபதபாலதிபரை நெருக்கினர். வீட்டை ஈடுவைத்து நிரப்பினோரும், உற்றாரிடம் கடன்பட்டு நிரப்பினோரும் உளர். தொலைபேசியில் உதவி வேண்டிய பலர்க்கு, “இக்குறை உமக்கு மாத்திரமே உண்டு, பிறர் ஒருவர்க்கும் இல்லை” என்னும் விடையே கிடைத்தது. பொருளிழந்தோம் என முறையிட்டவரும், அதனைத் துருவி விசாரித்தவரும், வழக்குத் தொடுத்தவரும் பெரும்பாலும் அக்கம்பனியாரே. 1999 ஆம் ஆண்டுமுதல் 2015 வரை 900 பேருக்கு மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்குத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 700 பேர்மீது கம்பனியாரே நேரில் வழக்காடினர். 74,000 பவுண் குறைந்ததாகக் கூறப்பட்ட சீமா மிஸ்ரா என்னும் பெண்மணி 2010 ஆம் ஆண்டில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவர் கருவுற்றிருந்தார்.

நீதிமன்றங்கள் இதற்கு எங்ஙனம் இடங்கொடுத்தன? 1984 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சட்டத்திலே, கணினியின் பதிவைச் சான்றாகக் கொள்ளுமுன் அக்கணினி செவ்வனே இயங்கியதென்று காட்டுதல் வேண்டும் என்னும் விதி இருந்தது. அது வீண் தொல்லையென்று கருதி, 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிவிட்டனர். அதன்பின், பிழையுண்டென்பதற்கு ஏது காட்டப்படாதவரை, பொறி செவ்வனே இயங்கியதாகவே கொள்ளப்பட்டது. பொறியின் உள்ளே நிகழ்வதொன்றையுங் காணமாட்டாத ஒரு கடைக்காரர் அதன் பிழையை எங்ஙனம் காட்டுவர்? விதி நீங்கியதும் ஹொறைசன் வந்ததும் ஒரே காலத்தன என்பது கருதத்தக்கது.

இனி, அளவையால் ஆராய்வாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரின் தொடக்கத்தே, பிறர் கூறும் அளவைகள் பலவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமெனக் கொண்டனர். கணினி காட்டிய குறைவு இம்மூன்றனுள் யாதோ எனின், காட்சியன்று. பொறி பணத்தைக் கண்டதில்லை, பதிவுகளையே கூட்டிக் கழித்தது. கருதலும் அன்று. புகை கண்டு தீயுண்டெனக் கருதுவது, தீயின்றிப் புகை நிகழாமையை முன்னறிந்தமையாலன்றோ? களவின்றியும் கணக்கிற் குறைவு தோன்றும் என்பது டல்மெலிங்ரனிலே கண்டாம். சாத்தியம் இல்லாதவிடத்தும் செல்லும் ஏது அநைகாந்திகம் என்னும் போலியாம். உரையளவையோ எனின், உரையாவது உண்மையறிந்து, அதனை வழுவாது கூறுவோனாகிய ஆப்தனது வாக்கு. பொறி அறிவதுமில்லை, கூறக் கருதுவதுமில்லை.

அற்றேல் அது யாதோ எனின், அஃது ஓர் ஓலை. ஓலை தானே பேசாது. எழுதினார் கூற்றையே சுமந்து நிற்கும். ஆதலின், எழுதினார் யாவர், அவர் எழுதியது திருத்தமுடையதோ, இடையிற் பிறர் கைபட்டதோ என ஆராய்ந்தபின்னரே அது கொள்ளற்பாலது.

ஓலையை ஆராயும் முறையைச் சைவர்க்குப் பிறர் கற்பித்தல் வேண்டா. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையை நினைமின். சுந்தரமூர்த்தி நாயனார் தமக்கு அடிமையென்று முதிய அந்தணர் ஒருவர் வழக்கிட்டார். ஓலையுண்டு, ஆதலின் இவன் அடிமை என அவையத்தார் ஒரு வார்த்தையில் முடித்தனரோ? இலர். நெடுங்கால ஆட்சியாலேனும், எழுத்தாலேனும், அயலார் சாட்சியாலேனும் நிறுவுக என்றனர். முன்னர்க் கிழிக்கப்பட்டது படியோலையென்று அந்தணர் கூற, மூல ஓலையையே வருவித்தனர். அதனைப் படிப்பித்துக் கேட்டுச் சாட்சிகளின் எழுத்தை நோக்கினர். அவ்வளவில் அமையாது, நாயனாரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பினின்று கொணர்வித்து, இரண்டெழுத்தும் ஒக்குமோ என ஒப்புநோக்கினர். வழக்கிட்டவர் யாவர் என்பதை அச்சபையார் அறியார், நாம் அறிவோம். முற்றறிவுடைய முதல்வனே தான் கொணர்ந்த ஓலை ஆராயப்படுதற்கு உடம்பட்டு நின்றான்.

ஹொறைசன் வழக்குகளிலோ, மூல ஓலை குற்றஞ்சாட்டப்பட்டோர்க்குக் காட்டப்படவில்லை. பொறியிற் கண்ட குறைகளைப் புஜிற்சுக் கம்பனியார் தனியே பதிந்துவைத்திருந்தனர்; அப்பதிவு அவர் கைக்கு எட்டவில்லை. உபதபாலதிபரன்றி வேறொருவரும் அவர்தங் கணக்கைத் தொடமுடியாதென்று தபாற்கந்தோர்க் கம்பனியார் நெடுங்காலஞ் சாதித்தனர். உண்மையிற் புஜிற்சு ஊழியர் தம்மிடத்திலிருந்தபடியே, உரியவர் அறியாமல் அக்கணக்குகளை மாற்றக்கூடியவராயிருந்தனர். இவை வெளிப்பட்டது 555 உபதபாலதிபர் ஒன்றுகூடித் தொடுத்த வழக்கினாலாம். அவர்க்குத் தலைநின்றவர் வேல்ஸ் நாட்டு லாண்டட்னோவிற் கந்தோர் நடத்தி, 2003 இல் ஒப்பந்தம் இழந்த அலன் பேற்ஸ் என்பவர். 2019 ஆம் ஆண்டு தீர்ப்பளித்த நீதிபதி பிறேசர், பொறி பிழையற்றதென்று கம்பனியார் சாதித்தது, இந்நூற்றாண்டிலே பூமி தட்டையென்று சாதிப்பதை ஒக்குமென உவமித்தார். அவ்வழக்கில் இணங்கிக் கொடுத்த 5 கோடியே 77½ இலட்சம் பவுணில், வழக்குச் செலவு போக வழக்காடினோர்க்கு எஞ்சியது ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சமே.

“மனிதர் ஆசையாற் பொய் கூறுவர், பொறிக்கு ஆசையுமில்லை, பகையுமில்லை, ஆதலின் அதன் கூற்றே மேலானது” என்பாருளர். கேட்டற்கு இனிய வாதம் இது. மயக்கமும் இதனாலேயே பெரிது. விருப்பு வெறுப்பின்மை இறைவனுக்கும் உண்டு, கல்லுக்கும் உண்டு. இறைவனுக்கு அது முற்றறிவால் வந்தது. கல்லுக்கு அறிவின்மையால் வந்தது. பின்னதை முன்னதாகப் பிறழவுணர்தல் திரிபுக்காட்சி. பொய் கூறமாட்டாத பொருள் மெய் கூறவும் மாட்டாது. நின்றுபோன மணிக்கூடு எவரிடத்தும் பகைகொண்டு பிழையான நேரத்தைக் காட்டவில்லை; அதனால் அந்நேரம் சரியாகிவிடுமோ?

பொறிகளை விலக்குக என்று நாம் கூறவில்லை. வங்கியும் வைத்தியசாலையும் அவையின்றி இனி நடவா. செயற்கை நுண்ணறிவென்னும் புதுப்பொறிகள், கடன் பெறத்தக்கார் யார், ஐயுறத்தக்கார் யார் என்று தேர்ந்து காட்டவும் புகுந்துவிட்டன. கருமபீடத்தின் அப்பாலிருப்பவர் “கணினியில் அப்படித்தான் இருக்கிறது” என்று கூறிப் பேச்சை முடிப்பதை நாமும் நாடோறும் கேட்கின்றோம். அச்சொல்லைக் கூறுபவர் தீர்ப்புச் செய்துவிட்டு, தாம் செய்யவில்லையெனவும் கொள்கின்றார். ஆராயத்தக்கது இதுவே.

கருவி வேறு, கருத்தா வேறு. வாள் வெட்டிய வினை வாளைச் சாராது. மனுநீதிகண்ட சோழன் மகன் ஏறிச்சென்ற தேர்க்காலிற் கன்றொன்று தானே பாய்ந்து இறந்தது. தேரின்மேற் பழியை வைத்தல் எளிது. கன்றின்மேல் வைத்தல் அதனினும் எளிது. அமைச்சர் வேதவிதிப்படி கழுவாய் செய்தால் அமையும் என்றனர். அரசன் அதற்கு இசைந்திலன். தன் ஆட்சியில் நிகழ்ந்ததைத் தன்னதாகவே கொண்டான்.

2025 யூலையில் விசாரணைத் தலைவர் சேர் வின் வில்லியம்ஸ் வெளியிட்ட அறிக்கையின் முதற்பகுதி, இத்துன்பத்தால் 13 பேருக்குக் குறையாதோர் தம்முயிரைத் தாமே மாய்த்திருக்கக்கூடுமெனக் கூறிற்று. விசாரணையில் வாக்குமூலமளித்த பெரியோர் பலர், தமக்குத் தெரியாதென்றும், தமக்குக் கீழுள்ளோர் கூறியதை நம்பினோமென்றும் கூறினர். கீழுள்ளோர் பொறியை நம்பினர். பொறியை விசாரணைக் கூண்டில் ஏற்ற இயலாது. ஆயின், பொறி பிழைபடும் என்று அறிந்த மனிதர் இருந்தனர், அறிந்தும் வாய்திறவாதிருந்தனர். ஒருவர் சிறைபுகும்போது, தாமறிந்த உண்மையைக் கூறாதிருத்தலும் ஒரு செயலே. அதன் பயன் பல பங்காய்ப் பிரிந்து இலேசாய்விடும் என்று கருதுவார்க்கு எம் சாத்திரத்தில் ஆதரவில்லை. வினைப்பயனைச் செய்தவனே நுகர்வன். கூடிச் செய்தார் அனைவரும் நுகர்வர்.

2024 மே மாதத்திற் பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்று செய்து, எஞ்சிய தீர்ப்புக்களிற் பெரும்பாலனவற்றை ஒருங்கே நீக்கிற்று. 2025 ஜனவரியில் நீதியமைச்சு, கணினிச் சான்று பற்றிய விதியை மாற்றல் வேண்டுமோ எனப் பலரிடத்தும் கருத்துக் கேட்கத் தொடங்கிற்று. நட்டஈடும் கொடுக்கப்பட்டு வருகின்றது. திருவாரூரிலே இறந்த கன்று இறைவனருளால் எழுந்தது. இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஏப்ரல் 23 இல் 39 பேரைக் குற்றமற்றவரென்று விடுவித்தது. அவருள் மூவர் அதற்கு முன்னரே இறந்தவர். அவர்பொருட்டு வழக்காடிய சுற்றத்தார் அத்தீர்ப்பைக் கேட்டனர்.