ஊரின் பங்கு

பக்கத்துப் பேரூர் ஒன்றில் ஊருணியைத் தூர்வாரிப் படித்துறை கட்ட ஏற்பாடு நடந்தது. 1997-98ல் தொடங்கி, இடையில் பெயர் மாறி, 2021ல் மறுபடி உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்தின் மானியம். பள்ளிக்கூடக் கட்டடம், பூங்கா என்றால் ஊரார் மூன்றில் ஒரு பங்கு தரவேண்டும், நீர்நிலைக்குச் சரிபாதி. மீதியை அரசாங்கம் ஏற்கும்.

நோட்டுப் புத்தகத்தோடு வசூலுக்குப் புறப்பட்டார்கள். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாள் ஐம்பது ரூபாய் கொடுத்தாள். இரண்டு தெரு முடிவதற்குள் ஊர்ச் செல்வர் ஒருவர், “ஏன் அலைகிறீர்கள்? பாதியையும் நானே கட்டிவிடுகிறேன்” என்றார். ஊரே மகிழ்ந்தது. எனக்குத்தான் ஏனோ மனம் ஒப்பவில்லை.

அவர் செய்தது தருமம் இல்லையா? தருமந்தான். விதியும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஊராரிடம் பங்கு கேட்பது பணமுடையினால் மட்டுமா? ஐம்பது ரூபாய் கொடுத்தவள், நாளைக்குப் படியில் குப்பை கொட்டுகிறவனை அதட்டுவாள். அந்த அதட்டலை எந்த மானியமும் வாங்கித் தராது. செல்வருக்கு நன்றி சொல்லிவிட்ட ஊர், எந்த உரிமையில் அதட்டும்?

தண்ணீருக்குத் தவிப்பவர்களுக்கு யார் காசானால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை.

வசூலித்த பணத்தை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார்களாம். பூக்கார அம்மாள் மட்டும் வாங்கவில்லை. “குடுத்தது குடுத்ததுதான், ஐயா” என்றாளாம்.