மூன்று மணிக்கே விழித்தவர்களுக்கு



இப்போது வானொலி கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அலாரம் அடித்து எழுந்தவர்களாக இருக்க மாட்டார்கள். மூன்று மணிக்கே விழிப்பு வந்து, பிறகு கண் மூட முடியாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடந்திருப்பார்கள். பொழுது விடியும்போது நெஞ்சு கனக்கும். சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் தேவலை. மனச்சோர்வு நோய்க்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. நாமோ, "வயசாச்சு, தூக்கம் குறைஞ்சுபோச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

படபடப்பு, அசதி, தலைபாரம், பசியின்மை என்று ஒவ்வொரு மருத்துவராகப் பார்க்கிறோம். இசிஜி எடுத்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். வீட்டாருக்கு நிம்மதி; அசதி மட்டும் அப்படியே இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். தைராய்டையும் சோதித்துவிடுங்கள், அது குறைந்தாலும் மனம் இப்படித்தான் துவளும்.

துக்கம் வேறு, நோய் வேறு. சாவு வீட்டில்கூட, பேரப்பிள்ளை மடியில் ஏறினால் முகம் ஒரு கணம் மலரும். அப்படி எதுவுமே உள்ளே எட்டாமல், பிடித்த காரியத்திலும் பிடிப்பில்லாமல், அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பொழுதும், இரண்டு வாரம் நீடித்தால் போய்க் காட்டுங்கள். "எனக்கென்ன குறை, பிள்ளைகள் நல்லாத்தானே இருக்காங்க" என்று தன்னையே அதட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். குறை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வருகிற நோய் அல்ல இது.

தயக்கத்துக்கு நம் சினிமாவும் ஒரு காரணம் என்பேன். 1794-இல் தொடங்கிய வரலாறு கொண்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரை நகைச்சுவைக் காட்சிகளில் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். அங்கே வெளிநோயாளியாக வந்து, மருந்து வாங்கிக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போகிறவர்களை யாரும் படமெடுப்பதில்லை. அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். "ஒண்ணும் கேட்கலை" என்று நாலாம் நாளே நிறுத்திவிடாதீர்கள்.

"இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு யார் வாயிலாவது வந்தால், இரண்டு வாரக் கணக்கெல்லாம் செல்லாது. அன்றே அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காமல், சாகத் தோன்றுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அரசின் டெலி மானஸ் உதவி எண் இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: 14416.