அரக்கும் அவயவியும்

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் துணையோடு 1985 முதல் 1996 வரை இந்நாட்டில் செய்து விற்ற ஆர்.எக்ஸ். 100 என்னும் சிறு மோட்டார் சைக்கிள் இன்றும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது; ஆயினும் அவ்வாறு ஓடுகின்றவற்றுள் பல, தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளின் உருவத்தில் இல்லை. ஒன்றின் எஞ்சின் பிளாக் அதன் தம்பியாகிய ஆர்.எக்ஸ். 135-இலிருந்து வந்தது, மற்றொன்றின் முன் ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் பல ஆண்டுகள் பிந்திப் பிறந்த வேறொரு வண்டிக்கென வார்க்கப்பட்டவை, இன்னொன்றின் சக்கரமும் மீட்டரும் எந்த வண்டியினுடையவை என்பதை அவற்றை விற்ற காயலான் கடைக்காரரே மறந்திருப்பார். இப்படிப் பல உடல்களிலிருந்து உறுப்புகளை வாங்கிச் சேர்த்த ஒன்றின்மேல் கைவைத்து, ‘இது என் ஆர்.எக்ஸ்.’ என்று அதன் சொந்தக்காரர் சொல்லும்போது அவர் சுட்டுகிற பொருள் எது? கேள்வி பட்டறை வாசலில் பிறந்ததுதான். ஆனால் உறுப்புகள் உண்டு, அவற்றையெல்லாம் கடந்து முழுமை என்று ஒன்று உண்டா என்று நம் தேசத்துத் தத்துவ ஞானிகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாதிட்டு வந்த கேள்வியும் இதுவே ஆகையால், அதை அற்பமென்று தள்ள எனக்கு மனமில்லை.

கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மினாந்தர், பாலி மொழி நூல் ஒன்றில் மிலிந்தன் என்னும் பெயரோடு வந்து, நாகசேனர் என்னும் பௌத்தத் துறவியிடம் ஆத்மாவைப் பற்றி வினவுகிறான். மன்னன் தேரில் வந்தவன் ஆதலால், துறவி அந்தத் தேரையே எடுத்துக்கொண்டு, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா, இவற்றின் கூட்டம் தேரா, இவற்றுக்குப் புறம்பாக ஒரு தேர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்ற விடையையே மன்னன் வாயிலிருந்து வருவித்து, தேர் என்பது வழக்கிலுள்ள ஒரு பெயரேயன்றி வேறில்லை என்று நிறுவுகிறார். சென்னைப் புதுப்பேட்டையின் தெருக்களில் ஃபோர்க்குகள் ஒரு குவியலாகவும், பெட்ரோல் டாங்குகள் ஒரு குவியலாகவும், சைலென்சர்கள் ஒரு குவியலாகவும் கிடப்பதைக் கண்டவர்களுக்கு நாகசேனரின் வாதம் பிரத்தியட்சமாகவே விளங்கும். அங்கே வண்டிக்கு வேண்டிய சகலமும் இருக்கின்றன, வண்டி மட்டும் இல்லை. இரவு முழுதும் எரிந்த விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல என்று அதே நூலில் அவர் கூறுவதும் நம் வண்டிக்குப் பொருந்துகிறது. ஆயினும் அவருடைய ஆராய்ச்சி ஓரிடத்தில் என் மனத்துக்குப் போதவில்லை. நன்றாகப் பொருத்திய வண்டியும் அரைகுறையாகப் பூட்டிய வண்டியும் அந்த வாதத்தின் முன் ஒரே தரத்தில் வெறும் பெயர்களாக நிற்கின்றன. ஆனால் மழை பெய்த தார்ச்சாலையில் பிரேக்கைப் பிடிக்கிற மனிதனுக்கு அவ்விரண்டுக்கும் இடையே உள்ள பேதம் உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள பேதம்.

அந்தப் பேதத்துக்கு இடம் கொடுத்தவர்கள் நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்கள். உறுப்புகள் அவயவங்கள்; அவற்றில் சமவாயம் என்னும் பிரியாத சம்பந்தத்தால் உறையும் முழுமை அவயவி; அது உறுப்புகளின் தொகையினும் வேறான ஒரு மெய்ப்பொருள் என்பது அவர்கள் கொள்கை. இதற்குக் கௌதமருடைய நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் கூறும் காரணங்களுள் ஒன்று, பற்றுதலும் இழுத்தலும் கைகூடுகின்றன என்பது: ஒரு பொருளின் ஒரு பாகத்தைப் பற்றி இழுத்தால் முழுதும் வருகிறது, வெறும் குவியலாயின் பற்றிய பாகம் மட்டுமே கையோடு வந்திருக்கும். ஹாண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினால் பின் சக்கரம் வரை வண்டி முழுதும் நகர்கிறதே, அதுவே சாட்சி. ஆனால் அரக்கால் ஒட்டப்பட்ட புல்லும் கல்லும் கட்டையுங்கூடச் சேர்ந்தே இழுபடுகின்றனவே, அவற்றை ஒரு பொருள் என்று யார் சொல்வார் என்ற தடையும் அந்தச் சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய பாஷ்யத்தில் எழுகிறது. வெவ்வேறு வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றைச் செய்கிறவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இந்த அரக்கில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கிவிட்டதாலேயே அவயவி வந்துவிடுமா, அல்லது இரும்பு அரக்கால் ஒட்டிய புல்லும் கல்லுமாகவே அது நிற்குமா?

டிரம் பிரேக்கை நீக்கி டிஸ்க் பிரேக் வைக்கும் காரியத்தையே எடுத்துக்கொள்வோம். டிரம்மை நீக்கி டிஸ்க்கை மாட்டினால் முடிந்தது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர் நினைப்பார். ஆனால் பிரேக்கைப் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் ஃபோர்க்கின் ஒரு காலில் மட்டும் அமர்ந்திருப்பதால், அந்தக் கால் முறுக்கப்படுகிறது. ஆகவே அந்த முறுக்கைத் தாங்குமாறு செய்யப்பட்ட ஃபோர்க் வேண்டும். ஃபோர்க் மாறினால் அதைப் பிடித்திருக்கும் டீ மாற வேண்டும். டீயின் தண்டு சேசிஸின் கழுத்துக்குள் நுழைவதால், அதன் நீளமும் பருமனும் பழைய கழுத்தோடு இசைய வேண்டும். இசையாவிட்டால் கழுத்துக்குள் தண்டைத் தாங்கும் கோன் செட் சரியாக அமராது, ஹாண்டில் நடுங்கும். புதிய ஃபோர்க் பழையதினும் நீளமாயின் வண்டியின் முகம் உயர்ந்து திரும்புவதில் மந்தமாகும். குட்டையாயின் தொட்டதற்கெல்லாம் திரும்பும். இவ்வளவையும் சமாதானப்படுத்துகிறது, லேத் பட்டறையில் கடைந்தெடுத்த ஒரு சிறிய புஷ். இந்த புஷ்ஷைப் பற்றிச் சற்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன். அது பழைய வண்டியினுடையதும் அன்று, புதிய வண்டியினுடையதும் அன்று. எந்தத் தொழிற்சாலையின் பட்டியலிலும் அதற்கு எண் இல்லை. இந்த ஃபோர்க் இந்தக் கழுத்தோடு வாழ வேண்டும் என்று ஒரு மனிதர் வெர்னியரை வைத்து அளந்து, கொஞ்சம் கடைந்து, போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி கடைந்ததால் மட்டுமே அது உலகத்தில் இருக்கிறது. அவயவி எங்கே உறைகிறது என்று என்னைக் கேட்டால் அந்த இரும்பு வளையத்தைத்தான் நான் காட்டுவேன். ஓர் உறுப்பின் பாரத்தை அடுத்த உறுப்பு ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் இடத்தில்தான் முழுமை பிறக்கிறது. அந்தச் சம்மதத்தை யாராவது உழைத்து வாங்கித் தர வேண்டியிருக்கிறது.

எஞ்சின் விஷயத்தில் இந்தக் கடமை இன்னும் தீவிரமாகிறது. ஆர்.எக்ஸ். 100-இல் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். 135-இல் தூரம் அதுவே, விட்டம் மட்டும் 58. எட்டு மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றினாலும், பரப்பு விட்டத்தின் வர்க்கமாக வளர்வதால், 98 கன செண்டிமீட்டர் 132 ஆகிவிடுகிறது. பெரிய ஸ்லீவுக்குக் கிராங்க்கேஸின் வாய் இடந்தர வேண்டும், கார்புரேட்டரின் ஜெட்டுகள் புதிய பசிக்கு ஏற்ப மாற வேண்டும், கிளட்ச் தாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருகிய வேகத்தை நிறுத்தவல்ல பிரேக் வேண்டும். வலிமையைக் கூட்டிவிட்டு நிறுத்தும் சக்தியைப் பழையபடி விட்டுவைக்கிறவன் அரக்கால் ஒட்டுகிறவனே. மீட்டரையும் மறந்துவிடலாகாது. சுற்றளவு குறைந்த முன் சக்கரத்தைப் போட்டுப் பழைய மீட்டரையே வைத்துக்கொண்டால், அது உண்மையான வேகத்தினும் அதிகமாகக் காட்டும். அந்த வண்டி தன் சொந்தக்காரனிடம் நாள்தோறும் அசத்தியம் பேசிக்கொண்டிருக்கும்.

அசத்தியம் காகிதத்திலும் வரலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வாகனத்தைத் திருத்தலாகாது என்கிறது. எஞ்சினை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இந்தப் பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு வண்டியின் ஸ்வரூபம் எது என்பதில் சந்தேகமே இல்லை. சேசிஸில் குத்தப்பட்ட எண்தான் அது. தத்துவத்துக்கு இந்த விடை போதாது என்றாலும் தர்மத்துக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சாலை அந்த வண்டிக்காரனுக்கு மட்டும் உரியதன்று. எதிரே வருகிறவர் அவன் காகிதத்தில் எழுதியதை நம்பித்தான் வருகிறார். சான்றில் 98 என்று இருக்க, ஒன்றும் தெரிவிக்காமல் 132-ஐ ஓட்டுகிறவன், உறுப்புகளை எவ்வளவு அழகாகப் பொருத்தியிருந்தாலும், ஊரோடு பொருந்தவில்லை. உறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்குவதும் இதே வகைக் குற்றம். திருட்டு வண்டியைப் பிரித்து விற்ற ஃபோர்க்கில் இன்னொருவருடைய துக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை எந்த லேத்திலும் கடைந்து நீக்க முடியாது.

உறுப்பு மாற்றத்தை நம் ஆலயங்கள் எப்படிக் கண்டன என்பதும் சிந்திக்கத்தக்கது. பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் ஆஷாட மாதம் இருமுறை வரும் சில ஆண்டுகளில் வேப்ப மரத்தாலான திருமேனிகளையே புதிதாகச் செய்கிறார்கள். அண்மையில் 1996-இலும் 2015-இலும் அது நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்ட சேவகர்கள் இருளில் பழைய திருமேனியினுள் இருக்கும் பிரம்மப் பொருளைப் புதியதற்கு மாற்றியபின், பழையவை ஆலய வளாகத்திலேயே சமாதி செய்யப்படுகின்றன. அந்தச் சேவகர்கள் உறவினர் இறந்தாற்போல் பத்து நாள் துக்கம் காக்கிறார்கள். காஞ்சி வரதராஜர் ஆலயத்திலோ கருவறையில் கல் திருமேனி எழுந்தருளியிருக்க, பழைய அத்திமரத் திருமேனி அனந்தசரஸ் திருக்குளத்தின் நீருக்குள் சயனித்து, நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை வெளிவந்து, 2019-இல் போல 48 நாள் தரிசனம் தருகிறது. ஓரிடத்தில் சாரம் கடந்து செல்கிறது, பழையது முடிகிறது; மற்றோரிடத்தில் புதியது வந்த பின்னும் பழையது முடிவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, நீக்கப்பட்ட உருவத்தை வீசியெறியாத மரியாதை.

வண்டியைத் திருத்துகிறவர்களிடம் நான் அதிகமாகக் காண விரும்புவதும் இந்த மரியாதையைத்தான். கழற்றிய டிரம் ஹப்பையும் 100-இன் பிளாக்கையும் எடைக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் வைத்து, வண்டி கைமாறும்போது பதிவுச் சான்றோடு அந்தப் பெட்டியையும் கொடுக்க வேண்டும். உறுப்பு மாறியதும் பழைய அவயவி அழிந்து புதியது தோன்றுகிறது என்பது இதே அவயவியை ஒப்புக்கொள்ளும் வைசேஷிகர் மதம். அப்படியானால் வாங்கியவர் 50 மில்லிமீட்டர் பிஸ்டனையும் டிரம் பிரேக்கையும் திரும்பப் பூட்டும்போது வருவது முதல் வண்டியன்று, மூன்றாவது வண்டி. நான் அவர்கள் பக்கமே. ஏனெனில் தன் சொந்த உறுப்புகளே திரும்பி வந்தாலும், அந்த மூன்றாவது வண்டிக்காகக் கோன் செட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கவும், செயின் ஓடும் கோட்டை மறுபடி நேராக்கவும் யாராவது உட்கார்ந்தாக வேண்டும்.