எரு சுமக்கிறவர்



தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறான இன்று, லூக்கா 13ஆம் அதிகாரத்தின் காய்க்காத அத்திமர உவமையைக் கேட்டோம். மூன்று ஆண்டு கனி தேடிச் சலித்த உரிமையாளர் வெட்டச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளர் இன்னும் ஓராண்டு கேட்கிறார். கடவுள் பொறுமையானவர் என்று சொல்லி நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தத் தொழிலாளர் வெறும் தவணையா கேட்டார்? சுற்றிலும் கொத்த வேண்டியவர் அவர். எரு சுமக்க வேண்டியவரும் அவர்.

அந்த உழைப்பு எப்படியிருக்கும் என்று ஒரு பட்டறையில் பார்ப்போம். அமெரிக்காவில் பழைய மரவேலை இயந்திரங்களைத் தேடிப்பிடித்துச் சீராக்குவதையே ஆசையாகச் செய்கிறவர்கள் உண்டு. டெல்டா நிறுவனம் 1939இல் மில்வாக்கியில் அறிமுகப்படுத்திய 'யூனிசா' என்ற மேசை ரம்பத்துக்கு அவர்களிடம் தனி மதிப்பு. வார்ப்பிரும்பு மேசை, நடுவே பத்து அங்குல வட்ட வாள், அடியில் பெட்டிக்குள் மோட்டார். தாத்தா காலத்து ரம்பம் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அது இடத்தை அடைக்கிற இரும்பு. எடைக்குப் போட்டால் போதும்.

வாங்கி வந்தவர் உடனே சுவிட்சைப் போடுவதில்லை. இறுகிப்போன போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு இரவெல்லாம் ஊறவைக்கிறார். அவசரப்பட்டு ஸ்பேனரை அழுத்தினால் போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்துவிடும். பிறகு தரையில் படுத்துப் பெட்டிக்குள் கையை விடுகிறார். வாளை ஏற்றி இறக்கும் பற்களில் பழைய கிரீசும் மரத்தூளும் கட்டிதட்டிக் கிடக்கும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சிறு பாகங்களை வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை அவற்றில் மாட்டுகிறார். பாசிட்டிவ் முனை வேண்டாத ஓர் இரும்புத் துண்டுக்கு. குமிழி கிளம்பும், துரு இளகும், அடியிலுள்ள நல்ல இரும்பு தேயாது. (பட்டறை வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். திருத்தம் இருந்தால் பூசை முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.)

தேய்ந்த பேரிங்கை மாற்றிய பிறகும் வேலை முடியவில்லை. வாளின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, மேசையிலுள்ள காடிக்கும் அந்தப் பல்லுக்கும் முன்பக்கம் எவ்வளவு இடைவெளி என்று அளக்கிறார். வாளைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளக்கிறார். இரண்டும் ஒன்றாகும்வரை மேசையைத் தட்டித் தட்டி நகர்த்துகிறார். இதில் பிசகினால், அறுக்கும்போது பலகை வாளில் சிக்கி ஆள்மேலேயே பாயும். மேசையில் துரு அரித்த சிறு குழிகளையோ, விவரமறிந்தவர் அப்படியே விட்டுவிடுவார். அவற்றைப் போக்க ஒரே இடத்தில் தேய்த்தால் மேசையின் மட்டம் கெடும். உயிர்த்த ஆண்டவரின் கைகளிலும் காயத்தின் தடம் மறையவில்லையே.

நம் வீடுகளுக்கு வருவோம். "அவனைத் தலைமுழுகியாச்சு" என்று எத்தனை பேரைப் பற்றிச் சொல்கிறோம்! குடிக்கிற மகன், சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய தம்பி. எவ்வளவோ பொறுத்துப் பார்த்தோம் என்கிறோம். பொறுத்தோம், சரி. கொத்தினோமா? "திருந்தி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது உரிமையாளரின் பேச்சு. மகனை மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போய், வெளியே பெஞ்சில் காத்திருக்கிற தாய் எரு சுமக்கிறார். அவருக்கும் உத்தரவாதம் இல்லை. உவமையின் தொழிலாளரும் நிச்சயம் காய்க்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடிக்கிற கணவனிடம் அடிவாங்கிக்கொண்டு கிடப்பதை இந்த உவமை யாரிடமும் கேட்கவில்லை. அப்படி இருக்கும் பெண்கள் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பங்கு உங்களுக்குத் துணை நிற்கும்.

நாசரேத்தில் தச்சராக அறியப்பட்டவர் நம்மைத் தூரத்தில் நின்று பொறுத்துக்கொண்டிருக்கவில்லை, நம் நடுவே இறங்கினார். வருகிற வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு உட்கார்ந்திருப்பேன். பல வருடமாக வராதவர்கள், எங்கிருந்து தொடங்குவது, என்ன செபம் சொல்வது என்று தயங்க வேண்டாம். மறந்துபோனதை நான் எடுத்துக் கொடுக்கிறேன்.