பெரிய முடிவுக்கு முன்

மனம் நொந்தால், எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் காலடி மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவுக்கு அந்த வழி நிஜமாகவே உண்டு. ஆனால் அது லேசில் அந்தப் பக்கம் போவதில்லை.

சூடு ஏறினால், உப்பு கூடினால், முதலில் சிக்மா-பி என்ற புரதம் எழும். அது முன்பே செல்லுக்குள் இருப்பதுதான். இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆபத்தில் பிடி தளரும், 150க்கும் மேற்பட்ட மரபணுக்கள் வேலைக்கு வரும். நிலைமை சீரானால் பிடி இறுகும். காவலுக்கு ஆள் வேண்டும்தான். எந்நேரமும் தடியைச் சுழற்றுகிற காவலாளி வீட்டுக்கே சுமை.

பட்டினி நீண்டால்தான் வித்தாக, அதாவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உறங்கும் ஸ்போராக, மாறும் பேச்சு. வித்துக்குப் பசி கிடையாது. வைக்கோலைக் கொதிக்கவைத்தும் சாகாத இந்த வித்துகளை ஜெர்மானிய விஞ்ஞானி பெர்டினாண்ட் கோன் 1876இல் விவரித்தார். உரக்கடைப் பாக்கெட்டில் இந்த பாக்டீரியா மாதக்கணக்கில் கெடாமல் கிடப்பதும் வித்தாக இருப்பதால்தான். ஆனால் விலை பெரிது. ஒரு வித்து உருவாக 7, 8 மணி நேரம் ஆகும். அதை உருவாக்கிய தாய்ச்செல் உடைந்துபோகும்.

அதனால் முடிவெடுக்கும் ஸ்போ0ஏ புரதத்துக்குச் செய்தி நேராகப் போவதில்லை. ஒரு பாஸ்பேட் துணுக்கு புரதத்துக்குப் புரதம் கைமாறி வந்து சேர வேண்டும். வழியில் அதைப் பறித்துவிடவும் ஆள் உண்டு. கொஞ்சம் சேர்ந்தால் சின்ன ஏற்பாடுகள் மட்டும்: செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுப்பான படலம் கட்டும், பக்கத்துச் செல்லைக் கொன்று அதைத் தின்று நாளைத் தள்ளும். (இரண்டாவது யோசனை உங்களுக்கு வேண்டாம்.) நிறையச் சேர்ந்தால்தான் வித்து.

தொடங்கிய பிறகும் சற்று நேரம் மனம் மாறலாம். உணவு வந்தால் திரும்பிவிடும். செல்லுக்குக் குறுக்கே சுவர் எழுந்து, அடுத்த கட்டத்தைத் தாண்டினால்தான் திரும்ப வழியில்லை. அப்போதும் கூட்டம் மொத்தமும் வித்தாகிவிடுவதில்லை. சில செல்கள் பசியோடு காத்துக் கிடக்கின்றன. மறுபடி உணவு கிடைக்கும் நாளில் பந்திக்கு முந்துகிறவை அவைதான்.