கல்பின் துடிப்பும் நாவின் சொல்லும்

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருக்கும் கொங்கு நாட்டவரிடம் "பயமா?" எனக் கேட்டால், "அதெல்லாம் ஒன்றுமில்லீங்க" என்றே பெரும்பாலும் விடை வரும். மரியாதைக்குச் சொல்லும் சொல் அது. மார்பில் ஒட்டிய கருவி வேறொன்று காட்டக்கூடும்.

இதயம் கடிகாரம்போல் அடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கையில் சற்றே விரையும், வெளிவிடுகையில் தணியும். துடிப்புகளின் இடைவெளி இவ்வாறு மாறிவருதல் நலத்தின் அறிகுறி. அச்சத்தில் அம்மாற்றம் சுருங்கும். 'கல்பு' என்னும் அரபுச் சொல்லின் வேரிலேயே புரளுதல் என்னும் பொருளுண்டு. நோயாளி மறைக்கும் காதலியின் பெயரை நாடியின் மாற்றத்தால் கண்டறியும் வழியை இப்னு ஸீனாவும் தம் 'கானூன்' நூலில் விளக்கியுள்ளார்.

அங்ஙனமாயின் நாவை விடுத்துக் கருவியை நம்பலாமா? கூடாதென்பதே நம் கருத்து. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசியில் 80,000-க்கு 1 என்னும் அளவில் அட்ரீனலின் சேர்வதுண்டு. அதுவே துடிப்பை விரைவுபடுத்தும். நெடுநாள் நீரிழிவில் நரம்பு நலிந்தவர்க்கு அச்சமின்றியே மாற்றம் குன்றும். (கோவையில் நீரிழிவுக்கா பஞ்சம்!)

போர்க்களத்தில் கலிமா மொழிந்தவரை, உயிருக்கஞ்சி மொழிந்தாரெனக் கருதி உஸாமா (ரலி) அவர்கள் வெட்டினார்கள். உள்ளத்தைக் கண்டவர்போல் தீர்ப்பளித்தமைக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவரைக் கடிந்தார்கள். "வலிக்கிறது" என்பவரிடம், திரையில் அமைதி தெரிகிறதே என்று வாதாடும் மருத்துவரும் அத்தீர்ப்பையே அளிக்கிறார்.

ஆயினும் பல் மருத்துவத்தில் ஒரு விசேடமுண்டு. வாயில் பஞ்சும் குறடும் இருக்கையில் நோயாளி எங்ஙனம் பேசுவார்? அவர் நாவை அடைத்திருப்பது மருத்துவரின் கையே. அவ்வேளையில் எண் சுருங்கினால், குறட்டை வெளியே எடுத்துவிட்டு மீண்டும் ஒருமுறை கேட்பது அவர் கடமை.